எட்டுப் பரப்பா, எட்டு ஏக்கரா?

பிள்ளைகளே, பைதன் என்ற கணினி மொழியில் எழுதிய இந்த இரண்டு வரிகளை முதலில் வாசியுங்கள்.

அ = 3
ஆ = அ * 40

கணினிக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. மூன்றை நாற்பதால் பெருக்கி, 120 என்ற விடையை ‘ஆ’ என்ற மாறிக்குள் போட்டுவிடும். உங்களுக்கு என்ன விளங்கியது? மூன்று என்றால் மூன்று மாடா, மூன்று மாதமா? நாற்பது எங்கிருந்து வந்தது? எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால்தான் உண்டு.

இனி இதைப் பாருங்கள்.

வயல்_ஏக்கர் = 3
ஏக்கருக்கு_விதைநெல்_கிலோ = 40
தேவையான_விதைநெல்_கிலோ = வயல்_ஏக்கர் * ஏக்கருக்கு_விதைநெல்_கிலோ

விடை அதே 120 தான். ஆனால் வயற்காரர் வீட்டுப் பிள்ளை யாராக இருந்தாலும் இதை வாசித்தவுடனே, “மூன்று ஏக்கர் விதைக்க எவ்வளவு விதைநெல் வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறார்கள்” என்று சொல்லிவிடும். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. ஏக்கருக்கு இரண்டு புசல் என்று வீட்டில் கதைப்பார்களே, அந்தக் கணக்குத்தான் ஏறத்தாழ இந்த நாற்பது.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பீர்கள். 2008இல் வெளிவந்த பைதனின் மூன்றாம் பதிப்பிலிருந்து வைக்கலாம். ஒரு பெயருக்கு நடுவே இடைவெளி விட முடியாது. அதற்காகத்தான் அந்த அடிக்கோடு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் அண்ணாமார், அக்காமாருக்குப் பைதன் பாடம் உண்டு. அவர்களிடம் கேட்டு ஒருமுறை தட்டச்சு செய்து பாருங்கள்.

எந்தச் செய்நிரலுக்கும் இரண்டு வாசகர்கள் இருக்கிறார்கள். ஒன்று கணினி. அதற்கு ‘அ’வும் ஒன்றுதான், ‘வயல்_ஏக்கர்’ என்பதும் ஒன்றுதான். மற்றது மனிதர். பிழை திருத்த வருகிறவர், புதிதாக ஒன்றைச் சேர்க்க வருகிறவர், மூன்று மாதம் கழித்துத் தன் செய்நிரலைத் தானே திறந்து பார்க்கிறவர் எல்லோரும் மனிதர்கள். ஒரு செய்நிரலை எழுதுவது கொஞ்ச நேரம்; அதை வாசிக்கிற நேரமோ அதைவிடப் பல மடங்கு. நல்ல நிரலாளர்கள் இந்த இரண்டாவது வாசகரை மனதில் வைத்தே எழுதுவார்கள். பெயர் வைப்பது, குறிப்பு எழுதுவது, சோதித்துப் பார்ப்பது என்று அவர்கள் பழகிக்கொள்கிற எல்லாமே அந்த மனிதருக்காகத்தான்.

மாறியின் பெயரில் ‘ஏக்கர்’ என்றும் ‘கிலோ’ என்றும் அலகையும் சேர்த்து எழுதினேன், கவனித்தீர்களா? அது வீண் நீளம் இல்லை. ‘வயல் = 8’ என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன நடக்கும்? யாழ்ப்பாணப் பக்கத்தில் காணியைப் பரப்புக் கணக்கில் சொல்வார்கள். வன்னியில் வயல்கள் பெரியவை. இங்கே ஏக்கர்க் கணக்குத்தான் அதிகம். பதினாறு பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர். எட்டுப் பரப்பு என்றால் அரை ஏக்கர். அதற்கு 20 கிலோ விதைநெல் போதும். அந்த எட்டை ஏக்கர் என்று எடுத்துக்கொண்டால் 320 கிலோ என்று விடை வரும். பதினாறு மடங்கு பிழை! கணினி முணுமுணுக்கக்கூட மாட்டாது. எட்டைக் கொடுத்தால் எட்டைப் பெருக்கும். எந்த எட்டு என்று அதற்குத் தெரியாது.

இதே மாதிரியான பிழையால் ஒரு விண்கலமே அழிந்திருக்கிறது. செவ்வாயின் காலநிலையை ஆராய 1998 டிசம்பரில் நாசா ஒரு கலத்தை அனுப்பியது. தள்ளுவிசைக் கணக்கை ஒரு குழுவின் செய்நிரல் பிரித்தானிய அலகான இறாத்தல் விசையில் கொடுத்தது. அதை வாங்கிய மற்றச் செய்நிரலோ அந்த எண்கள் நியூட்டனில் இருக்கின்றன என்று நம்பியது. ஓர் இறாத்தல் விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன். இதனால் வந்த சின்னச் சின்ன வித்தியாசங்கள் மாதக்கணக்காகச் சேர்ந்து சேர்ந்து, கலம் செவ்வாயை அடைந்தபோது போகவேண்டிய உயரத்தைவிட மிகத் தாழ்வாகப் போய்விட்டது. 1999 செப்டெம்பர் 23ஆம் திகதி அதனுடன் இருந்த தொடர்பு அறுந்தது. இரண்டு குழுக்களிலும் இருந்தவர்கள் மிகத் திறமையான பொறியியலாளர்கள். எண்ணை ஒருவர் கொடுத்தார், மற்றவர் வாங்கினார். அலகு சரிதானா என்று இடையில் யாரும் பார்க்கவில்லை.

இனி நம்முடைய நாட்டில் நடந்த ஒரு கதைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தது. நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். முல்லைத்தீவு நகரம், கள்ளப்பாடு போன்ற கரையோர இடங்களில் இருந்தவர்களிடம் கேட்டால் அந்தக் காலையைச் சொல்வார்கள். இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் தங்கினார்கள். உதவி செய்யப் பலர் வந்தார்கள். ஆனால் யாரைக் காணவில்லை, யார் எந்த முகாமில் இருக்கிறார், எங்கே தண்ணீர் இல்லை, எந்த அமைப்பு எந்த ஊரில் வேலை செய்கிறது என்பதையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு முகாமுக்கு ஒரே பொருள் மூன்று தடவை போகும். பக்கத்து முகாமுக்கு ஒன்றும் போகாது.

அப்போது கொழும்பில் மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் தங்கள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றுகூடினார்கள். லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் என்ற அமைப்பு அவர்களுக்குத் துணையாக நின்றது. நிறுவனங்களில் வேலை செய்தவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் இரவுபகலாக இருந்து சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனவர்களின் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, எங்கே என்ன தேவை என்ற பட்டியல் என்று தனித்தனிப் பகுதிகளாக அது அமைந்தது. அதை இலவசமாகத் தந்தார்கள். குறிமுறையையும் யாரும் திறந்து வாசிக்கலாம், மாற்றலாம் என்று விட்டார்கள்.

அவசரத்தில் எழுதியது அவசரத்தில் எழுதியதுதான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடல் வந்து போன அடுத்த வாரம் அழகான குறிமுறை எழுதிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது; வேலை செய்தால் போதும் என்ற நிலைமை. சஹானாக் குழு பாராட்டப்படவேண்டியது அதற்குப் பின்னர் செய்த காரியத்துக்காக. “இது வேலை செய்கிறதுதானே, அப்படியே இருக்கட்டும்” என்று அவர்கள் விடவில்லை. இலங்கைக்காக அள்ளித் தெளித்து எழுதியதை, உலகத்தில் எங்கே பேரிடர் வந்தாலும் எடுத்துப் பாவிக்கும்படி அடியிலிருந்து திரும்ப வடிவமைத்து எழுதினார்கள். வெளியில் தெரியாத, கைதட்டல் கிடைக்காத வேலை இது.

சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தின் துருசைத் திறக்க முன்னர் வாய்க்கால்களைத் துப்புரவாக்குவார்கள், கண்டிருப்பீர்கள். துப்புரவாக்காவிட்டாலும் தண்ணீர் ஓடத்தான் செய்யும். ஆனால் புல்லும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தலைமாட்டு வயலோடு நின்றுவிடும், கடைசி வயலுக்குப் போய்ச் சேராது. செய்நிரலைச் சீராக்குவதும் இதுதான். அது செய்யும் வேலை மாறுவதில்லை. அடுத்த வேலை தடையில்லாமல் ஓடுவதற்கு வழி திறக்கிறது.

சீராக்கும்போது என்னென்ன யோசிக்கவேண்டும்? ஓர் உதாரணம் சொல்கிறேன். நமது நாட்டில் மாகாணம், அதற்குள் மாவட்டம், அதற்குள் பிரதேச செயலகப் பிரிவு, அதற்குள் கிராம அலுவலர் பிரிவு. இந்த நான்கு அடுக்கையும் செய்நிரலின் ஒவ்வொரு மூலையிலும் எழுதிவைத்தால் இலங்கையில் பிரச்சினை இல்லை. பெருவுக்குக் கொண்டுபோனால்? அங்கே மூன்று அடுக்கு, பெயர்களும் வேறு. செய்நிரல் முழுவதையும் கிளறி ‘கிராம அலுவலர்’ வருகிற இடங்களையெல்லாம் தேடவேண்டும். ஓரிடம் தப்பினாலும் பிழை. அதற்குப் பதிலாக, “இந்த நாட்டில் இத்தனை அடுக்கு, அவற்றின் பெயர்கள் இவை” என்று ஒரே ஒரு பட்டியலில் வைத்துவிட்டு, மற்ற எல்லாப் பகுதிகளும் அந்தப் பட்டியலைப் பார்த்து நடந்துகொண்டால், நாடு மாறும்போது பட்டியலை மட்டும் மாற்றினால் போதும்.

நம் விதைநெல் கணக்கிலும் இதைத்தான் செய்தோம். 40 என்ற எண்ணுக்கு ஒரு பெயர் கொடுத்து ஒரே இடத்தில் வைத்தோம். வீசி விதைக்காமல் நாற்று நட்டால் ஏக்கருக்குக் குறைந்த விதைநெல்லே போதும். அப்போது ஒரு வரியில் கைவைத்தால் சரி. செய்நிரலில் பத்து இடத்தில் 40, 40 என்று எழுதியிருந்தால், அதில் எது விதைநெல், எது சாக்கின் எண்ணிக்கை என்று பிரிப்பதே பெரும்பாடு. ஒரு விடயத்தை ஓரிடத்தில் மட்டும் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், நல்ல பெயர் வைப்பதற்கு அடுத்தபடியாகப் பழகவேண்டியது இதுதான்.

திகதியிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. 03/04/2005 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கர் ஒருவருக்கு மார்ச் 4. காணாமற்போன ஒருவரைக் கடைசியாகக் கண்ட நாள் இப்படி மாறினால் எவ்வளவு பெரிய பிழை! பல நாட்டவர் சேர்ந்து செய்யும் வேலைகளில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2005-04-03 என்று எழுதச் சொல்லும் சர்வதேச நியமம் ஒன்று உண்டு. உங்கள் செய்நிரல்களிலும் அப்படியே எழுதப் பழகுங்கள். கோப்புகளின் பெயரில் எழுதினாலும் அவை தாமாகவே கால ஒழுங்கில் நிற்கும்.

சஹானா எங்கெல்லாம் போனது தெரியுமா? 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது அங்கே போனது. 2006இல் பிலிப்பைன்ஸில் மலை சரிந்து ஓர் ஊரையே மூடியபோது போனது. அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவுக்கும், அடுத்த ஆண்டு பெருவுக்கும் போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. பின்னர் அதைப் பைதன் மொழியில் திரும்பவும் புதிதாக எழுதி, ஈடன் என்று பெயர் வைத்தார்கள். 2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டின் தலைநகரம் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தபோது, எந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது, எந்த உதவி அமைப்பு என்ன செய்கிறது என்று திரட்டும் வேலைக்கு இந்த ஈடன் பயன்பட்டது. நமது கரையில் கடல் ஏறியதால் பிறந்த மென்பொருள், உலகத்தின் மறுபக்கத்தில் இருந்த ஒரு நாட்டுக்குக் கைகொடுத்தது. அந்த வேலையில் சேர்ந்த தன்னார்வலர்களில் பலர் முதல் வரியை எழுதியவர்களைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் குறிமுறை அவர்களிடம் இருந்தது. அதை வாசித்து விளங்க முடிந்ததால்தான் தொடர்ந்து எழுத முடிந்தது.

முன்பின் தெரியாத ஒருவருக்கு விளங்க வேறென்ன வேண்டும்? விளக்கக்குறிப்பு வேண்டும். பைதனில் # அடையாளம் போட்டு எழுதினால் அந்த வரியின் மீதியைக் கணினி வாசிக்காது. அது மனிதருக்கு மட்டும். இங்கேதான் பல பிள்ளைகள் வீணாகக் களைத்துப்போகிறார்கள்.

# ஏக்கரை நாற்பதால் பெருக்குகிறேன்

இது தேவையா? பெருக்குவது வரியைப் பார்த்தாலே தெரிகிறது. இன்னொன்றைப் பாருங்கள்.

# இந்த அளவு வீச்சு விதைப்புக்கு மட்டும். நாற்று நடுகைக்குப் பொருந்தாது

இதை வரியைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. எழுதியவருடைய தலைக்குள் மட்டும் இருந்த விடயம் இது. ஏன் அப்படிச் செய்தோம், எங்கே இது செல்லாது என்பவைதான் குறிப்புக்கு உரியவை. ஒன்று கவனம்: குறிமுறையை மாற்றிவிட்டுக் குறிப்பைப் பழையபடி விட்டால் அது அடுத்தவரைப் பிழையான வழியில் அனுப்பும். பொய் சொல்லும் குறிப்பைவிடக் குறிப்பு இல்லாதது நல்லது.

பெரிய வேலையைச் சின்னச் சின்ன உப செய்நிரல்களாகப் பிரிப்பதும் வாசிக்கிறவருக்குச் செய்யும் உதவிதான். பரப்பை ஏக்கராக மாற்றுவது ஒன்று, விதைநெல்லைக் கணக்கிடுவது இன்னொன்று, விடையைத் திரையில் காட்டுவது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை, அந்த வேலையைச் சொல்லும் பெயர். ‘பரப்பை_ஏக்கராக்கு(8)’ என்று எழுதினால் உள்ளே போய்ப் பார்க்காமலே விளங்கும். சரியான பெயர் கிடைக்காமல் நீங்கள் திணறினால், அந்த உப செய்நிரல் இரண்டு மூன்று வேலைகளை ஒன்றாக அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று சந்தேகப்படலாம்.

அப்படிப் பிரித்துவிட்டால் சோதிப்பதும் இலகு. கையால் கணக்குப் பார்த்து விடை தெரிந்தவற்றைக் கொடுத்துப் பாருங்கள். எட்டுப் பரப்புக்கு அரை ஏக்கர் வருகிறதா? பதினாறுக்கு ஒன்று வருகிறதா? சைபரைக் கொடுத்தால் சைபர் வரவேண்டும். பிறகு குறும்பாகவும் யோசியுங்கள்: யாராவது மறை எண்ணைக் கொடுத்தால்? எண்ணுக்குப் பதிலாக ‘மூன்று’ என்று எழுத்தில் அடித்தால்? இந்தச் சோதனைகளை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடாமல் எழுதி வையுங்கள். செய்நிரலை மாற்றும்போதெல்லாம் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பாருங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கப் போய்ப் பழையது உடைந்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

மாற்றங்களின் வரலாற்றையும் காக்கவேண்டும். ‘விதைநெல்_புதியது’, ‘விதைநெல்_கடைசி’, ‘விதைநெல்_கடைசி_2’ என்று கோப்புகள் பெருகினால் எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், உலகெங்கும் இருந்து வரும் மாற்றங்களைச் சமாளிக்க 2005இல் கிட் என்ற மென்பொருளை உருவாக்கினார். யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கும். வேண்டுமென்றால் பழைய நிலைக்குத் திரும்பிப் போகலாம். இன்று நிரலாளர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அதைத்தான் பாவிக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு வரி எழுதும்படி அது கேட்கும். ‘திருத்தம்’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். ‘காணி பரப்பில் தரப்பட்டால் ஏக்கராக மாற்றிக் கணக்கிடச் சேர்த்தேன்’ என்று எழுதுங்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் ஒரு கொப்பியில் செய்நிரலை எழுதி, மாற்றும்போது பக்கத்தில் திகதியும் காரணமும் குறித்துவைக்கலாம். பழக்கம் ஒன்றுதான், கருவி பிறகு வரும்.

இந்தப் பழக்கங்களோடு படிக்கப் போவதற்கு இடம் தூரத்தில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அங்கே கணினிப் பொறியியல் படிக்கலாம். வவுனியாவில் பல்கலைக்கழக வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. பம்பைமடுவில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. சஹானாவின் குறிமுறையை வாசிக்க அவ்வளவு காலம் காத்திருக்கவும் தேவையில்லை. அது திறந்தே கிடக்கிறது. முழுவதும் விளங்காது, பரவாயில்லை. மாறிகளின் பெயர்களை மட்டும் வாசித்துக்கொண்டு போனாலே எந்தப் பகுதி எதற்கு என்று ஓரளவு பிடிபடும்.

இந்த மாதம் ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டுக்குப் பயன்படும் ஒரு கணக்கை எடுங்கள். பால் விற்ற காசு, கோழித்தீன், மீன் விலை, எதுவாக இருந்தாலும் சரி. அதைச் செய்நிரலாகவோ, கொப்பியில் சாதாரண வசனங்களில் எழுதும் போலிக்குறிமுறையாகவோ எழுதி, ஒரு வார்த்தையும் விளக்காமல் வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் வாசிக்கும்போது எங்கெங்கே நின்று “இது என்ன?” என்று கேட்கிறாரோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி விழுந்த இடங்களுக்கு வேறு பெயர் வைத்துத் திருத்துங்கள். அதன்பிறகு விலை ஒன்று கூடிவிட்டது என்று சொல்லி, அதை மாற்றும் வேலையையும் அவரிடமே விடுங்கள். அவர் எத்தனை இடத்தில் கைவைக்கவேண்டி வந்தது என்று எண்ணி எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.